டிஸ்க் போற நேரத்துல ரிப்பேர் வேண்டாம், காப்பி எடுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். என் லேப்டாப் கொஞ்ச நாளா ரொம்ப ஸ்லோ, பூட் ஆகவே அரை மணி நேரம் ஆகுது, நேத்து ஆன் பண்ணா டிஸ்க் எரரை ரிப்பேர் பண்றேன்னு ஸ்கிரீன்ல வந்து அப்படியே நின்னுடுச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர், டிஸ்க்கை சோதிச்சு சரிபண்ற விண்டோஸ் கமாண்ட் செக்டிஸ்க் போட்டா சரியாகிடும்ங்கறார், இன்னொருத்தர் பார்மட் பண்ணி விண்டோஸ் புதுசா போடுங்கறார். பசங்க சின்ன வயசு போட்டோ எல்லாம் அதுல தான் இருக்கு, வேற காப்பி கிடையாது. என்ன பண்ணட்டும்?

பதில்: முதல்ல லேப்டாப்பை ஆஃப் பண்ணுங்க, ரிப்பேர் பாதியில இருந்தாலும் பரவாயில்ல, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிடுங்க. அவங்க ரெண்டு பேர் சொன்னதும் இப்போ வேண்டாம். வத்தப்போற கிணத்துல முதல்ல குடிக்கத் தண்ணி மொண்டு வச்சுக்கணும், தூர் வாரறது எல்லாம் அப்புறம் தான். உங்க டிரைவ் இன்னும் எவ்வளவு நேரம் படிக்க விடும்னு யாராலயும் சொல்ல முடியாது, அந்த நேரத்தை செக்டிஸ்க்குக்கு கொடுத்தீங்கன்னா போட்டோவுக்கு மிச்சம் இல்லாம போயிடலாம்.

செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் என்ன பண்ணும்னா, டிஸ்க் முழுக்க ஒவ்வொரு இடமா படிச்சுப் பார்க்கும், படிக்க முடியாத இடத்துல திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், அதோட நிக்காம எந்த ஃபைல் எங்கன்னு கணக்கு வச்சிருக்க ஃபைல் சிஸ்டத்துலயும் எழுதும். நல்ல டிரைவ்ல அது உபயோகமான விஷயம் தான். போற டிரைவ்ல அது புதுசா எழுதற ஒவ்வொண்ணும் திரும்பி வர முடியாத மாற்றம். ஃபோல்டர் எல்லாம் காணாம போயி ஃபவுண்ட்.000ன்னு ஒரு ஃபோல்டர்ல பேரே இல்லாத துண்டு ஃபைலா கிடக்கறதை பார்த்தவங்களுக்கு இது புரியும்.

பார்மட் பண்ணா பேட் செக்டர், அதாவது டிஸ்க்ல படிக்க முடியாம கெட்டுப்போன சின்னத் துண்டு, போயிடும்னு சொல்றாங்களே, அதுல ஒரு பாதி உண்மை இருக்கு, அதனால தான் அந்த நம்பிக்கை ஓயவே மாட்டேங்குது. படிக்க முடியாத செக்டரை டிரைவ் உடனே மாத்தாது, பென்டிங்னு குறிச்சு வச்சுட்டு காத்திருக்கும், ஏன்னா அடுத்த தடவை படிக்க முடிஞ்சாலும் முடியலாம். அந்த இடத்துல யாராவது புதுசா எழுதினா தான், அதை ஒதுக்கிட்டு உபரி இடத்துல இருந்து ஒண்ணை எடுத்துப் போடும். ஃபுல் பார்மட் டிஸ்க் பூரா எழுதிட்டு போறதால பென்டிங் எண்ணிக்கை ஜீரோ ஆகி டிரைவ் குணமான மாதிரி தெரியும், ஆனா அந்த செக்டர்ல இருந்த உங்க போட்டோ போனது போனது தான்.

சரி, என்ன பண்ணணும். வேற கம்ப்யூட்டர்ல ஒரு லினக்ஸ் பென் டிரைவ் ரெடி பண்ணிக்கோங்க, சிஸ்டம்ரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு, தேவையான டூல் எல்லாம் அதுலயே வருது, உபுண்டுவும் ஓகே. லேப்டாப்பை அந்த பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணுங்க, விண்டோஸை பூட் பண்ணவே பண்ணாதீங்க, ஏன்னா விண்டோஸ் ஆன் ஆனாலே பின்னாடி அப்டேட்டு இன்டெக்ஸிங்குன்னு அந்த பாவப்பட்ட டிரைவைத் தான் போட்டு அடிக்கும். அப்புறம் கெட்டுப்போற டிஸ்க்ல இருந்து காப்பி எடுக்கற ஜிஎன்யு டிடிரெஸ்க்யூங்கற டூல் வச்சு டிஸ்க் முழுசையும் ஒரு இமேஜ் ஃபைலா, அதாவது டிஸ்க்ல இருக்கறதை அப்படியே அடக்கின ஒரே ஃபைலா, வேற பெரிய டிரைவுக்கு எடுத்துடுங்க. உபுண்டுல இதோட பேக்கேஜ் பேர் முன்னாடி ஒரு ஜி சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூன்னு இருக்கும், கமாண்ட் மட்டும் டிடிரெஸ்க்யூ.

ஏன் சும்மா ஃபோல்டரை இழுத்து காப்பி போடக்கூடாதுன்னு கேப்பீங்க. வேணும்ங்கறது ஒரே ஒரு ஃபோல்டர், டிரைவ் இன்னும் திணறாம படிக்குதுன்னா தாராளமா அதை முதல்ல இழுத்துடுங்க, நானும் அப்படித் தான் சொல்வேன். ஆனா உங்க கேஸ்ல அது ஏற்கனவே நின்னு நின்னு போகுது. சாதாரண காப்பி முதல் பேட் செக்டர்ல மாட்டிக்கிட்டு அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும். டிடிரெஸ்க்யூ அப்படி இல்ல, கஷ்டமான இடம் வந்தா தாண்டிக் குதிச்சு சுலபமா வர்றதை எல்லாம் முதல்ல அள்ளிடும், விட்டுப்போன இடத்தை மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுட்டு கடைசியில தான் அதுக்குத் திரும்ப வரும். முதல் ரவுண்டை ஹைஃபன் என் ஆப்ஷனோட ஓட்டுங்க, அப்போ கெட்ட இடத்தை சுரண்டிப் பார்க்கிற வேலையை அது செய்யாது. மேப் ஃபைல் பேரை கமாண்ட்ல கட்டாயம் கொடுங்க, அது இருந்தா கரண்ட் போனாலும் டிரைவ் ஹேங் ஆனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம், அது இல்லன்னா ஆரம்பத்துல இருந்து தான்.

ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய இடம் எது சோர்ஸ், எது டெஸ்டினேஷன்ங்கறது. லினக்ஸ் டிரைவுகளுக்கு வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபிங்கற பேரை நம்பாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணா மாறிடும். டிரைவோட மாடல் பேரும் சைஸும் பார்த்து உறுதி பண்ணிட்டு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சுட்டு அப்புறம் என்டர் தட்டுங்க. இமேஜ் போற டிரைவ் எஃப்ஏடி32ங்கற பழைய பார்மட்ல இருக்கக்கூடாது, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. இமேஜா வேண்டாம், நேரா புது எஸ்எஸ்டிக்கே க்ளோன் பண்ணிடறேன்னா சைஸ் பார்த்து வாங்குங்க, 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல இருக்கறது 1,95,35,25,168 செக்டர், 960 ஜிபின்னு போட்ட எஸ்எஸ்டிக்குள்ள அது அடங்காது.

காப்பி முடிஞ்சதும் பழைய டிரைவை கழட்டி தனியா வச்சுடுங்க. இமேஜா எடுத்திருந்தா அதை முதல்ல ஒரு புது டிரைவ்ல எழுதி க்ளோன் ஆக்கிக்கோங்க, செக்டிஸ்க்கை இப்போ அந்த க்ளோன் மேல ஓட்டுங்க, அங்க தப்பா போனாலும் மூலம் பத்திரமா இருக்கு. பல நேரம் அந்த க்ளோனே அப்படியே விண்டோஸ் பூட் ஆகிடும், நீங்க எதையும் புதுசா போடவே தேவையிருக்காது.

கேள்வி: டிடிரெஸ்க்யூ ஓடிக்கிட்டு இருக்கு. 99.9 சதவீதம் வந்துடுச்சு, இப்போ ஸ்பீடு ரொம்ப குறைஞ்சு நகரவே மாட்டேங்குது. இது போதும்னு நிறுத்திடலாமா?

பதில்: சதவீதத்தை பார்த்து முடிவு பண்ணாதீங்க. 1 டிபில 0.1 சதவீதம்னா 1 ஜிபி, அது காலியா கிடந்த இடமா இருந்தா ஒரு நஷ்டமும் இல்ல, எம்எஃப்டில விழுந்திருந்தா ஆயிரக்கணக்கான ஃபைலோட பேரும் இடமும் போயிடும். எம்எஃப்டின்னா விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வச்சிருக்க அட்டவணை, விண்டோஸ்ல பார்மட் பண்ண பெரிய பார்ட்டிஷன்ல அது பொதுவா ஆரம்பத்துல இருந்து 3 ஜிபி தள்ளி தொடங்கும். அதனால மேப் ஃபைலை திறந்து பேட் ஏரியா எங்க எங்க இருக்குன்னு பாருங்க.

டிரைவ் சத்தம் எதுவும் போடலன்னா இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணலாம். ஹைஃபன் என் இல்லாம, ரீட்ரை 3ன்னு கொடுத்து, அதே மேப் ஃபைலோட ஓட்டுங்க. அதுலயும் வரலன்னா ரிவர்ஸ் ஆப்ஷன் போட்டு பின்னாடி இருந்து முன்னாடி படிக்க வைங்க, சில சமயம் இந்தப் பக்கம் இருந்து வராத செக்டர் அந்தப் பக்கம் இருந்து வந்துடும். ஸ்கிரீன்ல கடைசியா வெற்றிகரமா படிச்சு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது மணிக்கணக்குல ஏறிக்கிட்டே போகுதுன்னா நிறுத்திடலாம்.

எந்த ஃபைல் அடிபட்டுச்சுன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. இமேஜை இன்னொரு காப்பி எடுத்துக்கிட்டு, டிடிரெஸ்க்யூவோட ஃபில் மோட்ல பேட் செக்டர் இருந்த இடத்துல மட்டும் ஒரு அடையாளச் சொல்லை நிரப்புங்க, யாரும் சாதாரணமா எழுதாத சொல்லா இருக்கட்டும். அப்புறம் அந்த காப்பியை மவுன்ட் பண்ணி, அதாவது ஒரு டிரைவ் மாதிரி திறந்து, அந்த சொல் எந்தெந்த ஃபைலுக்குள்ள இருக்குன்னு லினக்ஸோட தேடற கமாண்டான கிரெப் போட்டு தேடினா, கெட்டுப்போன ஃபைலோட லிஸ்ட் கையில வந்துடும், ஒவ்வொரு போட்டோவா திறந்து பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல.

கேள்வி: என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் டக் டக்னு சத்தம் போடுது, கம்ப்யூட்டர்ல தெரியவே இல்ல. ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா கொஞ்ச நேரம் வேலை செய்யும்ங்கறாங்க. செய்யலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம். படிக்கிற ஹெட் வட்டு மேல சில நானோமீட்டர் உயரத்துல மிதந்துக்கிட்டு போகுது, வட்டு நிமிஷத்துக்கு 5400 இல்ல 7200 தடவை சுத்துது. குளிர்ல இருந்து வெளிய எடுத்ததும் ஈரம் படியும், அந்த நிலைமையில சுத்த விட்டா வட்டுல இருக்க காந்தப் பூச்சே சுரண்டுப்பட்டுப் போகலாம். அந்த சத்தமே பெரும்பாலும் ஹெட் தன்னோட இடத்தை கண்டுபிடிக்க முடியாம போய்ப் போய் திரும்பறது தான், இதுக்கு மேல சாஃப்ட்வேர் எதுவும் உதவாது. மூடியை திறக்காதீங்க. அதே மாடல் வாங்கி சர்க்யூட் போர்டை மாத்துறதும் இப்போ பெரும்பாலும் சரிவராது, அந்தந்த டிரைவுக்கான அளவீடுகள் போர்டுல இருக்க சிப்ல இருக்கு, சிப்பையும் சேர்த்து மாத்தணும். டேட்டா முக்கியம்னா இனி ஒரு தடவை கூட பவர் கொடுக்காம சுத்தமான அறை வச்சிருக்க ரெக்கவரி ஆளுங்க கிட்ட கொடுங்க, என்னென்ன முயற்சி பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம அவங்க கிட்ட சொல்லுங்க, கீழ விழுந்திருந்தா அதையும்.

கேள்வி: டிரைவோட ஆரோக்கியத்தை காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல என் டிரைவ் மஞ்சளா காட்டுது. சி5ல 10ன்னு இருக்கு, சி7ல நிறைய இருக்கு. புது டிரைவ் வாங்கணுமா?

பதில்: அந்த சாஃப்ட்வேர் ரா வேல்யூவை, அதாவது அந்த எண்ணிக்கையை, ஹெக்ஸாடெசிமல்ங்கற 16 அடிப்படை எண் முறையில காட்டும், நீங்க மாத்தலன்னா அந்த 10 உண்மையில 16. சி5ங்கறது மேல சொன்ன பென்டிங் செக்டர், 05 ஏற்கனவே மாத்தினது, இது ரெண்டும் நாளுக்கு நாள் ஏறுதுன்னா டிரைவ் கிளம்ப ரெடி ஆகிடுச்சு, இன்னைக்கே காப்பி எடுத்துட்டு புதுசு வாங்குங்க. சி7 வேற விஷயம், அது டிரைவுக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா வர்ற வழியில வந்த எரர், பெரும்பாலும் சாட்டா கேபிள் தான். கேபிளை மாத்துங்க, பழைய எண்ணிக்கை குறையாது, மேல ஏறாம நின்னுடுச்சான்னு மட்டும் பாருங்க.

கேள்வி: டிஸ்க் இமேஜ் நல்லா வந்துடுச்சு, ஒரு எரர் கூட இல்ல, ஆனா திறந்தா ரெக்கவரி கீ கேக்குது. நான் பாஸ்வேர்டு எதுவும் போட்டதே இல்லையே?

பதில்: அது பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்கறதை பூட்டி வைக்கிற விண்டோஸ் என்கிரிப்ஷன். நீங்க போடாம இருந்திருக்கலாம், பல விண்டோஸ் 11 லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணும்போதே என்கிரிப்ஷன் தானா ஆன் ஆகிடும். போன்ல இருந்து அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள்ள போயி டிவைஸ் பகுதியில தேடுங்க, 48 இலக்க கீ அங்க இருக்கும், ஆபீஸ் லேப்டாப்னா ஐடி டீம் கிட்ட இருக்கும். வீட்டுல வேற யாராவது அந்த லேப்டாப்பை முதன்முதல்ல செட்டப் பண்ணிக் கொடுத்திருந்தா கீ அவங்க அக்கவுன்ட்ல போயி உக்காந்திருக்கும், அதையும் கேட்டுப் பாருங்க. கீ கிடைக்கற வரைக்கும் இமேஜை அழிக்காம அப்படியே வச்சிருங்க, கீ இல்லாம உள்ள இருக்கறதை எந்த ரெக்கவரி சாஃப்ட்வேராலயும் எடுக்க முடியாது, எடுத்துத் தர்றேன்னு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க.