லீவில் வந்த இடத்தில் மறுபடியும் மலேரியா: ஊர்க் கொசுவா, பழைய கிருமியா?

கேள்வி: என் கணவர் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறார். சத்தீஸ்கரில் டியூட்டி. இரண்டு மாதம் முன்பு அங்கே வைவாக்ஸ் மலேரியா என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதும் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். இப்போது லீவில் வந்த இடத்தில் மறுபடியும் குளிர், காய்ச்சல். டெஸ்ட்டில் மலேரியா என்றே வந்திருக்கிறது. நம் பக்கம்தான் மலேரியா இல்லையே, இங்கே எப்படி வந்தது? பிள்ளைகளுக்கும் வருமா? - ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: பெரும்பாலும் இது வேலூர்க் கொசு கடித்து வந்த காய்ச்சல் இல்லை அம்மா, அவர் உடம்பிலேயே தங்கியிருந்த பழைய கிருமி. வைவாக்ஸ் வகைக்கு ஒரு குணம் உண்டு, ரத்தத்தில் இருக்கும் கிருமிகள் செத்தாலும் கல்லீரலில் கொஞ்சம் அசையாமல் பதுங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி ரத்தத்தில் இறங்கும். மூன்று நாள் போடும் குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதைக் கொன்றுவிடும், காய்ச்சலும் விட்டுவிடும். கல்லீரலில் இருப்பதை அழிக்க பிரைமாகுயின் 14 நாள் போட வேண்டும். ஐந்தாம் நாளில் நிறுத்தினால் பாதிக் கிருமியை உள்ளேயே வைத்துக் காப்பாற்றியது மாதிரிதான். உடம்பு லேசான பிறகு மாத்திரை போட யாருக்கும் மனசு வராது, அதனால் அவரைத் திட்டாதீர்கள், இந்த முறை பதினான்கு நாளும் உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள்.

ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம். இது வைவாக்ஸா, ஃபால்சிபாரமா, இரண்டும் கலந்ததா என்று ரிப்போர்ட்டைக் காட்டித் தெளிவாகக் கேளுங்கள். காட்டுப் பகுதியில் டியூட்டி பார்ப்பவர்களுக்கு ஃபால்சிபாரம் வர வாய்ப்பு அதிகம், அதற்கு மாத்திரையே வேறு, உயிருக்கு ஆபத்தானதும் அதுதான். பிதற்றல், அதிக மயக்கம், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இதில் எது தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரண்டாவது, பிரைமாகுயின் தொடங்கும் முன் ஜி6பிடி ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் சிவப்பணுக்கள் உடையும். மாத்திரை போடும் நாட்களில் சிறுநீர் காபி நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது தரக்கூடாது, அவருடைய மாத்திரையை வீட்டில் வேறு யாரும் எடுத்துப் போடவும் கூடாது.

இப்போது பிள்ளைகள் விஷயம். மலேரியா ஆளிலிருந்து ஆளுக்கு நேராக ஒட்டாது, அனாபிலிஸ் கொசு நடுவில் வர வேண்டும். நம் ஊர்களில் அந்த வேலையைச் செய்யும் ஸ்டீபன்சை வகை, மாடித் தொட்டி, கிணறு, சம்ப் மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கோடையில் தண்ணீர் வரும் நாளில் பிடித்துப் பிடித்துச் சேர்த்து வைக்கிறோமே, அதுதான் அதற்கு வசதி. அதனால் மூடியில்லாத தொட்டிக்கு இன்றைக்கே மூடி போடுங்கள், அவரை ராத்திரி வலைக்குள் படுக்க வையுங்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அப்பாவுக்கு மலேரியா என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொன்னாலும் மலேரியா டெஸ்ட்டோடு நிற்க வேண்டாம், வேலூர் வட்டாரத்தில் டெங்குவும் உண்ணிக் காய்ச்சலும் சாதாரணமாக வருகிறவை.

"நம் பக்கம்தான் இல்லையே" என்கிறீர்கள். தமிழ்நாட்டில் மிகவும் குறைந்துவிட்டது, உண்மை. நாடு முழுக்க 2015இல் பதிவானது சுமார் 11.7 லட்சம் பேர், 2023இல் 2.27 லட்சம். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், வடகிழக்கு மலைப்பகுதிகளில்தான் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. 2027க்குள் உள்ளூர்த் தொற்றைப் பூஜ்யமாக்கி 2030க்குள் ஒழிப்பது அரசின் இலக்கு. ஆனால் குறைந்துவிட்டது என்று அசந்து போனால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து இலங்கை பார்த்திருக்கிறது: 1963இல் மொத்தமே 17 பேர், கண்காணிப்பு தளர்ந்தது, 1968-69இல் ஐந்து லட்சத்துக்கும் மேல். மறுபடி பல வருஷம் போராடித்தான் 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள். இன்றும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களை விடாமல் சோதிக்கிறார்கள். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு, பக்கத்து மாவட்டமான ராணிப்பேட்டையின் தோல் ஷெட்டுகளுக்கு வடக்கிலிருந்து வேலைக்கு வருகிறவர்களும் உண்டு, நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அதனால் டெஸ்ட் தனியார் லேபில் எடுத்திருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரிப்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் மாடிக்கு விடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுக்கிறேன் என்றால் மறுக்காதீர்கள். மருந்தும் அங்கே இலவசம்தான். லீவு முடிவதற்குள் 14 நாள் முடியாது என்றால் மீதி மாத்திரையையும் சிகிச்சைச் சீட்டையும் பையில் வைத்து அனுப்புங்கள், முகாம் டாக்டர் அங்கிருந்து பார்த்துக்கொள்வார்.