முகத்தைத் திருப்பிக்கிற குழந்தை

சார், என் பொண்ணுக்கு மூணு மாசம் முடிஞ்சிருக்கு. மடியில வச்சு விளையாட்டு காட்டினா கொஞ்ச நேரம் சிரிக்கிறா, அப்புறம் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிறா. கிலுகிலுப்பைய ஆட்டினாலும் பார்க்கிறதில்ல. அவங்க அம்மாகிட்டயும் இப்படித்தான். கவனக்குறைவா இருக்குமோ? கறுப்பு வெள்ளை அட்டை, குழந்தைகளுக்கான வீடியோ எல்லாம் காட்டலாமா?

அன்புள்ள தம்பி,

வீடியோ கூடவே கூடாது. ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் ஸ்க்ரீனே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு. அட்டை வாங்கினா வாங்குங்க, வாங்காட்டியும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

"கொஞ்ச நேரம் சிரிக்கிறா, அப்புறம் திருப்பிக்கிறா"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். கொஞ்ச நாளா இதப் பத்தியேதான் யோசிச்சிட்டிருக்கேன். தம்பி, அவளால எழுந்து போக முடியாது, போதும்பான்னு சொல்ல முடியாது, அவகிட்ட இருக்கிறது கண்ணும் கழுத்தும்தான், அத வச்சுத்தான் "கொஞ்சம் பொறு"ங்கிறா. ஒரு முகத்தப் பார்க்கிறது, அது சிரிக்கிறது, பேசுறது, அசையறது எல்லாத்தையும் வாங்கிக்கிறது அந்த வயசுல பெரிய உழைப்பு. குழந்தை முகம் திருப்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இதயத்துடிப்பு ஏறுது, திருப்பினதும் இறங்குதுன்னு அளந்தே பார்த்திருக்காங்க. அவ இளைப்பாறுற அந்த நேரம் பார்த்து நீங்க கிலுகிலுப்பையோட அந்தப் பக்கமும் போய் நிக்கிறீங்க! பாவம், அவ வேற எங்கதான் திரும்புவா?

என் அக்கா பையன் கைக்குழந்தையா இருந்தப்போ வீட்ல எல்லாரும் கை தட்டுவோம், சொடக்கு போடுவோம், பேர் சொல்லிக் கத்துவோம். அக்கா மட்டும் ஒண்ணும் பண்ண மாட்டா. அவன் ஜன்னல் கம்பியப் பார்த்திட்டிருப்பான், இவ அவன் முகத்தையே பார்த்திட்டு சும்மா இருப்பா, அவனா மெல்லத் திரும்பி இவ கண்ணத் தேடுவான், அப்பத்தான் "என்னடா"ம்பா. உடனே ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்க, எங்க ஒருத்தர்கிட்டயும் அப்படிச் சிரிச்சதில்ல. தேடினது அவன், கிடைச்சதும் அவனுக்கு.

சும்மா இருக்கிறதுன்னா போனப் பார்த்திட்டு இருக்கிறதில்ல, அதையும் சொல்லிடறேன். எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு உளவியலாளர், 1978ல அவரும் கூட இருந்தவங்களும் ஒரு சோதனைய எழுதினாங்க. நல்லா கொஞ்சிட்டிருந்த அம்மாவ திடீர்னு எந்த அசைவும் இல்லாம முகத்த வச்சுக்கச் சொன்னாங்க. குழந்தை உத்து உத்துப் பார்த்து, அவங்களத் தன் பக்கம் இழுக்க என்னென்னமோ பண்ணிட்டு, கடைசில சோர்ந்துபோய் முகத்தத் திருப்பிக்கும். அந்தத் திருப்பல் வேற, உங்க பொண்ணோடது வேற. அவ சிரிச்சு முடிச்சிட்டுத் திரும்புறா, மறுபடி வருவா. அதுக்காக ஒவ்வொரு நொடியும் அவளுக்கு ஈடு கொடுக்கணும்னு பயந்துக்காதீங்க. நல்லாப் பழகுற அம்மாவும் குழந்தையும்கூட பாதி நேரத்துக்கு மேல ஒத்துப்போறதில்லன்னுதான் அதே ட்ரானிக் சொல்றார். விட்டுப்போகும், மறுபடி சேரும், குழந்தை அதுலதான் கத்துக்குது.

கவனக்குறைவுங்கிற பேச்சயே இந்த வயசுல எடுக்காதீங்க. யார் முகத்தையும் பார்க்கிறதே இல்ல, சத்தத்துக்கு அசையவே இல்லன்னா மட்டும் உடனே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறம் "அவங்க அம்மாகிட்டயும் இப்படித்தான்"னு புகார் மாதிரி எழுதினது எனக்குப் பிடிக்கல. அவங்களும் இதே பயத்துல இருப்பாங்க, முதல்ல இத அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. கிலுகிலுப்பைய ஒரு வாரம் எடுத்து வச்சிட்டு, அவளா எப்பத் திரும்பிப் பார்க்கிறான்னு கவனிச்சு எனக்கு எழுதுங்க.