விசுவாசம் யாருக்கு?

கேள்வி: இருபத்தைந்து வயதிலிருந்து லக்மே காம்பேக்ட், ஐடெக்ஸ் மை, ஸ்டிக்கர் பொட்டு. இப்போது 54 ஆகிறது. பவுடர் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது. கம்பெனியை மாத்தும்மா என்கிறாள் மகள். இத்தனை வருஷ விசுவாசத்தை விட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: விசுவாசம், சரி. யாருக்கு? லக்மேயை 1952ல் தொடங்கியது டாட்டா. 1998ல் இந்துஸ்தான் லீவரிடம் விற்றுவிட்டார்கள். விற்ற கம்பெனி ட்ரென்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு துணி வியாபாரத்துக்குப் போனது. உங்கள் மகள் சுடிதார் எடுக்கிற வெஸ்ட்சைடும் ஜூடியோவும் அதனுடையவைதான். நீங்கள் முதல் டப்பா வாங்கிய கம்பெனிக்கே விசுவாசம் காட்டுவதென்றால் இன்று துணிதான் எடுக்க வேண்டும்!

கை மாறாவிட்டாலும் கலவை மாறும். பழைய டப்பாவின் அட்டை இருந்தால் புதியதோடு ஒப்பிடுங்கள். அளவில் அதிகமானது முதலில் வரும். முதல் ஐந்து பெயர்களின் வரிசை மாறியிருந்தால் பெயர்தான் பழசு, சரக்கு புதுசு. அந்தப் பட்டியலைக் கடுகை விடச் சின்ன எழுத்தில் அச்சடிக்கிறார்கள். ஐம்பது வயதுக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் போடும்வரை இதை இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

ஆனால் உங்கள் திட்டுக்குக் கம்பெனி காரணமில்லை. மாதவிடாய் நின்றபின் தோலில் எண்ணெய் சுரப்பது குறையும். எண்ணெயில்தான் பவுடர் பிடித்து நின்றது. அது வற்றியதும் காய்ந்த செதிலிலும் சிரிப்புக் கோட்டிலும் போய் அடைகிறது. ராயபுரம் கடல்காற்றுப் பிசுபிசுப்பில் கிரீம் எதற்கு என்று தோன்றும். வியர்வை வேறு, எண்ணெய் வேறு. முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். ஐந்து நிமிஷம் விட்டு சன்ஸ்கிரீன். அது ஊறியபின் காம்பேக்ட்டை நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் அடியில் போட்டது திரளும். கண்ணுக்குக் கீழே பவுடர் வேண்டவே வேண்டாம். இதற்கும் திட்டு நின்றால் அதே கம்பெனியில் கிரீம் வகை ஃபவுண்டேஷன் கேளுங்கள்.

ஷேடு விஷயத்தில்தான் எனக்குப் பழைய சண்டை பாக்கியிருக்கிறது. 'இது போட்டா கலரா தெரிவீங்கக்கா' என்று இரண்டு ஷேடு வெளுப்பாகத் தலையில் கட்டுகிற கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபேர் அண்ட் லவ்லியே 2020ல் பெயரிலிருந்து 'ஃபேரை' எடுத்துவிட்டது, இவர்கள் வாயிலிருந்து அது போகவில்லை. எம்.சி. ரோடு ஃபேன்சி ஸ்டோரில் டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாதீர்கள். புறங்கையில் தடவிப் பார்ப்பதும் வீண், கை நிறம் வேறு. தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, தெருவுக்கு வந்து, கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடி பாருங்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் கருக்கிற ஃபவுண்டேஷன்கள் உண்டு.

ஐடெக்ஸை விட வேண்டாம். 1938லிருந்து நம்ம ஊர் மை. வழிகிறது என்றால் முதலில் கீழ் இமையில் ஒட்டிய கிரீமை டிஷ்யூவால் ஒற்றுங்கள், அந்தப் பசையில்தான் வழுக்குகிறது. மூக்கோரத்துக் கண்முனையை விட்டுவிட்டுத் தீட்டுங்கள். மகளோடு ஒரே டப்பா கூடாது, ஒருத்தி கண்நோய் இன்னொருத்திக்கு வரும். கண்புரை ஆபரேஷன் ஆனால் டாக்டர் சொல்லும்வரை மையே கூடாது.

நீங்கள் கேட்காத பொட்டுதான் எனக்குப் பெரிய கவலை. சில ஸ்டிக்கர் பசைகளில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒவ்வாதவர்களுக்கு அது தோலில் நிறம் தரும் செல்களைக் கொல்லும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டினால் பொட்டு வட்டத்துக்கே வெளுத்துவிடும். அரிப்புதான் பல பேருக்கு முதல் அறிகுறி. ராத்திரி படுக்குமுன் எடுங்கள். எடுத்ததைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து மறுபடி வைக்காதீர்கள். அரித்தாலோ லேசாக வெளுத்தாலோ அன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டுங்கள். போகும்போது அந்த ஸ்டிக்கர் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.