கேள்வி நேரம்: இன்ஜின் நின்றால் ஏன் திரும்பக் கூடாது?

கேள்வி: ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய சிறு விமானம் கிளம்பிய கையோடு விழுந்ததே, அதில் என்னதான் பழுது? (கரூர் வாசகர்)

பதில்: ஒரு சின்னத் திருகு. 2015 மார்ச் 5, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா. 1942-இல் தயாரான ரையன் பயிற்சி விமானம், ஐந்து சிலிண்டர் கின்னர் இன்ஜின். சுமார் 1,100 அடி உயரத்தில் இன்ஜின் சக்தி போய்விட்டது. பிரித்துப் பார்த்தால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் மெயின் ஜெட் மரை கழன்று இடம் பெயர்ந்திருந்தது. ஜெட்டின் ஊசித் துளைதான் பெட்ரோலை அளந்து விடுவது. அது விலகினால் பெட்ரோல் கணக்கில்லாமல் பாயும், காற்று போதாமல் இன்ஜின் திணறும். சூடான பைக்கில் சோக்கை இழுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், புரியும். அந்தக் கார்புரேட்டரைப் புதுப்பித்தது விபத்துக்கு ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்கு முன்பு. அதன்பின் ஜெட்டை எப்படிப் பராமரிப்பது என்று கையேட்டில் எதுவும் இல்லை.

கேள்வி: ஓடுபாதை முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறது? திரும்பி இறங்கினால் என்ன? (திருச்சி வாசகி)

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில், விநாடிக்கு 3 டிகிரி வீதம் திரும்புகிறீர்கள். 180 டிகிரிக்கு ஒரு நிமிடம். திரும்பி முடித்தால் ஓடுபாதை 4,200 அடி பக்கவாட்டில் கிடக்கும். அதை நோக்க இன்னும் 45 டிகிரி, 15 விநாடி. திகைத்து நின்ற 4 விநாடியையும் சேர்த்தால் 79. நிமிடத்துக்கு 700 அடி இறங்கினாலே 900 அடிக்கு மேல் காலி. ஓடுபாதை இன்னும் தூரத்தில்!

சரி, வெட்டித் திருப்பலாமே? அங்கேதான் ஆள் போகிறது. செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பு) இறக்காமல் நேராகப் பறந்தால் 48 நாட்டில் ஸ்டால் ஆகும். இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடும். 45 டிகிரி சாய்த்தால் அது 57, 60 டிகிரியில் 68. மிதந்து இறங்கும் வேகமே அவ்வளவுதான். பதற்றத்தில் ரடரை (வால் சுக்கான்) கூடுதலாக மிதித்தால் உள்பக்க இறக்கை முதலில் விழும், விமானம் சுழலும். 300 அடியில் மீட்க வழியில்லை.

காற்றும் கணக்கில் உண்டு. 50 நாட்டில் தரை தொடும்போது 10 நாட் எதிர்க்காற்று இருந்தால் தரைவேகம் 40. திரும்பி வந்தால் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், தரைவேகம் 60. மோதும் விசைக்கான ஆற்றல் இரண்டேகால் மடங்கு. எனவே மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் காத்து, முன்னால் தெரியும் வெளியில் இறங்குவதே உத்தமம். ஃபோர்டு இடப்பக்கம் திரும்பினார், ஓடுபாதை எட்டவில்லை; மர உச்சியை உரசி கோல்ஃப் மைதானத்தில் விழுந்தார். ஆனால் மணிக்கு 85 மைல் வேகத்தைக் கைவிடவில்லை. பெல்ட்தான் சதி செய்தது: தோள்பட்டை பெல்ட்டைச் சரியான வலுவூட்டல் இல்லாமல் இருக்கையில் பொருத்தியிருந்ததால் காயம் கடுமையானது.

கேள்வி: அந்த நொடிகளில் எந்த ஸ்விட்சை முதலில் தொடுவது? (மதுரை வாசகர்)

பதில்: 172எஸ் வரிசை இது. வேகம் 70 நாட் (ஃபிளாப் இறக்கினால் 65), மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவைக் கட்டுப்பாடு) கட்-ஆஃப், எரிபொருள் வால்வு மூடல், இக்னிஷன் ஆஃப், தேவையான ஃபிளாப், மாஸ்டர் ஸ்விட்ச் (மொத்த மின்சாரம்) ஆஃப், கதவுத் தாழ் திறப்பு. மாஸ்டரை முந்தி அணைத்துவிட்டால் ஃபிளாப் இறங்காது. அது மின் மோட்டாரில் ஓடுவது. கதவை முன்பே திறந்து வைப்பது, சட்டம் நெளிந்து கதவு சிக்கிக்கொள்ளாமலிருக்க. நேரம் இல்லையென்றால் முதலாவதை மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: கிளம்பும் முன்பே தடுக்க முடியாதா? (சேலம் வாசகர்)

பதில்: பல பழுதுகளை முடியும். தொட்டியடியில் தேங்கும் தண்ணீரை வடித்துப் பாருங்கள். 172எஸ்-இல் வடிகால் 13. கோப்பையில் நீல நிற விமானப் பெட்ரோலுக்குக் கீழே நிறமற்ற பட்டை தெரிந்தால் தண்ணீர். கோப்பை முழுவதும் நிறமற்றிருந்தால் ஏமாறாதீர்கள்: முழுக்கத் தண்ணீராகவோ ஜெட் எரிபொருளாகவோ இருக்கலாம். முகர்ந்து பாருங்கள்.