காசும் கேஷும் சொந்தக்காரர்களா?

கேள்வி: 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய காசுதானே ஐயா? (வாசகர், செல்லூர்)

பாதி சரி. கடையில் 'கேஷா, கார்டா?' என்கிறார்களே, அந்தக் கேஷ் நம் வீட்டுப் பிள்ளை இல்லை. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. பிரெஞ்சு, இத்தாலிய வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முதலில் பணப்பெட்டியைக் குறித்து, அப்புறம் உள்ளே இருக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. 'இன்னைக்குக் கல்லா எவ்வளவு?' என்று கேட்கும் மளிகைக்கடை அண்ணாச்சி பெட்டியையா கேட்கிறார்?

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. அது நம்முடையதுதான். போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்த காசு. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வைத்திருந்த கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசைக் 'கேஷ்' என்றே எழுதினார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆக, சீனத்துச் சில்லறை நமக்குச் சொந்தம், வங்கிக் கேஷியர் சொந்தமில்லை.

கேள்வி: ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்ததால்தான் 'சாலரி' வந்ததாமே? (வாசகர், உசிலம்பட்டி)

உப்புக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவு உண்டு. லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. ஆனால் உப்பையே படியில் அளந்து கூலியாகக் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. வாட்ஸப்பில் வந்தால் நம்பிவிடுவதா?

கேள்வி: என் மகன் தலையில் கட்டும் 'பண்டானா'வுக்கும் சுங்குடிக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, கீழவாசல்)

தொழிலால் பங்காளிகள் அம்மா. துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி, சாயத்தில் முக்கிப் பிரித்தால், கட்டின இடம் மட்டும் நிறம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். இந்தியில் இந்த வேலைக்கு 'பாந்த்னு' என்று பெயர். பண்டானா அதிலிருந்து போனதுதான். கட்டுவது என்று பொருள்படும் அதன் வேர்தான் 'பந்தம்' என்பதிலும் இருக்கிறது. ஆங்கில 'பைண்ட்' அதற்குத் தூரத்து உறவு.

மதுரை விளக்குத்தூண் பக்கம் இப்போது மெழுகு அச்சுப் போட்ட சேலையும் சுங்குடி என்றே விற்பனையாகிறது. கைக்கட்டுதானா என்று அறியப் புள்ளியைத் தடவிப் பாருங்கள், முடிச்சின் சுருக்கம் விரலில் தட்டுப்படும்.

இன்னொன்று. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டானாவை விரும்பி வாங்கியவர்களில் மூக்குப்பொடிக்காரர்களும் உண்டு. வெள்ளைக் கைக்குட்டை பொடிக்கறையைக் காட்டிக்கொடுத்துவிடும், புள்ளி போட்ட சிவப்பு காட்டாது. உங்கள் மகனிடம் இதை மட்டும் சொல்லவேண்டாம்.