போறணைக் கதவு கிறீச்சிட்டால் கதவையே மாற்ற வேண்டுமா?

உப்புவெளியில் விறகுப் போறணை வைத்துச் சிறிய வெதுப்பகம் நடத்திவரும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "போறணையின் இரும்புக் கதவைத் திறந்து சாத்தும் ஒவ்வொரு முறையும் பிணைச்சல் கிறீச்சிடுகிறது. அதிகாலை இரண்டு மணிக்கே வேலை தொடங்குவதால் அயலவர்கள் குறைப்படுகிறார்கள். தேங்காயெண்ணெய் விட்டால் இரண்டு நாள் அடங்கி, பிறகு முன்னிலும் மோசமாகிறது. கதவையும் சட்டத்தையும் முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார் ஒட்டுவேலை செய்பவர். மாற்றத்தான் வேண்டுமா ஐயா?"

வேண்டாம் அம்மா. உங்கள் கதவில் குற்றமில்லை; நீங்கள் விடும் எண்ணெய்தான் சத்தத்தை வளர்க்கிறது. வீட்டு வாசற்கதவுக்கு எண்ணெய் நல்லது. போறணைக் கதவிலோ அதே எண்ணெய் சூட்டில் வெந்து கரியாகி, கறளோடும் சாம்பலோடும் கலந்து, பிணைச்சலின் நடுக்கம்பியை அரம்போல அராவுகிறது. கடற்காற்றில் உள்ள உப்பும் சும்மா இருப்பதில்லை. கறள் இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிப்பதால், கம்பி தன் துளைக்குள்ளேயே இறுகிப் போகிறது. சாதாரண கிரீஸ் 190 பாகை செல்சியஸ் அளவில் உருகி வழிந்துவிடும் என்பதால் அதையும் நம்ப வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் கொடியது, வாகனத்திலிருந்து வடித்த கழிவு எண்ணெய். "சும்மா கிடைக்கிறதே" என்று அதைப் போத்தலில் கொண்டுவந்து தருபவர்கள் எங்கும் உள்ளார்கள். உலோகத் துகள்களும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் கலந்த அந்த எண்ணெய் புகைந்து படிவது, பிள்ளைகள் காலையில் உண்ணும் பாணின் மீது. வெதுப்பகத்தின் தரையையும் சுவரையும் பார்த்துக் குறிப்பெழுதும் பரிசோதனைகள், கதவுப் பிணைச்சலில் என்ன பூசப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டதை நான் கண்டதில்லை; கேட்க வேண்டும்.

உங்களுக்குத் தேவையானது காரீயம் எனப்படும் கிராபைட் தூள். அது உலர்ந்தே வழுக்கும். 400 பாகை வரையான சூட்டையும் தாங்கும். உலகிலேயே மிகத் தூய்மையான காரீயம் எங்கள் நாட்டின் பொகல, கஹட்டகஹ சுரங்கங்களில்தான் வெட்டப்படுகிறது. அப்படியிருந்தும் அதில் பெரும்பகுதி கப்பலேறிப் போய்விட, பூட்டுக்குப் போடுவதற்கென்று வரும் சிறு குழாயைத் தேடி நான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இந்த நிலை எனக்குப் பொறுக்கவில்லை. தூள் கிடைக்கும் வரை, 6பி போன்ற மென்மையான பென்சிலின் கரியைச் சுரண்டி எடுத்துப் பயன்படுத்தலாம்.

போறணையை ஒரு நாள் முழுதும் ஆறவிடுங்கள். செங்கல் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். கதவின் அடியில் மரக்கட்டையை அண்டைகொடுத்து, இன்னொருவர் பிடித்துக்கொள்ள, நடுக்கம்பியைக் கீழிருந்து மேலாகத் தட்டி எடுங்கள். கம்பியையும் துளையையும் மண்ணெண்ணெயால் கழுவி, கறளை அரத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் மணம் அறவே போகும்வரை காயவிடுங்கள். அதற்குமுன் தீ மூட்டவே கூடாது. பிறகு காரீயத்தைக் கம்பி முழுதும் விரலால் அழுத்தித் தேய்த்து, துளைக்குள்ளும் தூவி, கம்பியை இறக்கிக் கதவை இருபது முப்பது தடவை ஆட்டுங்கள். மாதம் ஒரு முறை தூவினால் போதும். மாரி காலத்தில் இரு முறை.

"சூடு தாங்கும் வெளிநாட்டுப் பிணைச்சல்" என்று பளபளக்கும் பிணைச்சலை விற்க வருபவரிடம் கவனமாக இருங்கள். அந்தப் பளபளப்பு பெரும்பாலும் நாகப்பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு. நாகம் 420 பாகையிலேயே உருகிவிடும், ஒட்டும்போது எழும் அதன் புகை காய்ச்சலைத் தரும். கதவின் சத்தத்தைச் சாட்டாக வைத்து, போறணையையே இடித்துவிட்டு மின்சாரப் போறணையைத் தவணைக்கு வாங்கச் சொல்லும் தரகர்களும் வருவார்கள். அவர்களுக்குக் கிடைப்பது தரகுப் பணம். மாதத் தவணையைக் கட்டப்போவது நீங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கதவு வார்ப்பிரும்பாக இருந்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். தகட்டுக் கதவு அடி வாங்கினால் வளையும். வார்ப்பிரும்பு கண்ணாடிபோல வெடிக்கும், பிணைச்சல் காது ஒரே அடியில் கையோடு வந்துவிடும். கதவு தடித்து, மேற்பரப்பு மணல்போலச் சொரசொரத்து, எழுத்தோ பூவேலையோ புடைத்து நின்றால் ஐயப்படுங்கள். ஓரத்தைச் சற்று அராவிப் பாருங்கள். மினுங்கும் துகளுக்குப் பதிலாகக் கரும்பொடி உதிர்ந்து விரலில் ஒட்டினால், அது வார்ப்பிரும்பேதான். அப்படியானால் கம்பியின் மீது மண்ணெண்ணெயை விட்டு இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் கையால் திருகித் திருகியே எடுக்க வேண்டும். காது ஏற்கெனவே விண்டிருந்தால், சாதாரண ஒட்டுக்குச்சியால் ஒட்ட விடாதீர்கள். நிக்கல் குச்சி வைத்திருப்பவராகவும், ஒட்டுவதற்கு முன் கதவைச் சூடாக்கி, ஒட்டியபின் சாம்பலுக்குள் புதைத்து ஆறவைப்பவராகவும் பார்த்துக் கொடுங்கள்.

குளிர்ந்திருக்கும்போது ஓசையின்றித் திறக்கும் கதவு சூட்டில் மட்டும் சத்தமிட்டால், பிணைச்சலைக் கழற்றவே வேண்டாம். 60 சென்ரிமீற்றர் அகலக் கதவு 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விரிந்து சட்டத்தில் உரசும். உரசிய இடம் வெள்ளிக்கோடாக மினுங்கும். கதவு ஆறியபின் அந்த ஓரத்தை மட்டும் அந்த அளவுக்கு அராவிவிடச் சொல்லுங்கள்.