கடலுக்குப் போறவருக்கு எத்தனை பாட்டில் இன்சுலின்?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டுல வேலைக்குப் போறாரு, தேங்காப்பட்டணத்துல இருந்து போனா திரும்பி வர 40 நாள் ஆகும். இன்சுலின் காலைல 20 யூனிட், ராத்திரி 14. வழக்கமா பாக்குற டாக்டர் எப்பவும் 2 பாட்டில்தான் எழுதுவாரு, சுகர் பாக்குற ஸ்ட்ரிப் பத்தி பேச்சே கிடையாது, ஏதாவது கேக்க வாயைத் திறந்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாரு. போன தடவை நடுக்கடல்ல மருந்து தீந்து கடைசி ரெண்டு வாரத்துக்கு மேல ஊசியே போடலையாம். என்ன செய்ய?
- வாசகி, தூத்தூர்

பதில்: படிச்சதும் பகீர்னு ஆயிட்டும்மா. ரெண்டு வாரம் ஊசி இல்லாம இருந்திருக்காருன்னா அடுத்த போட்டு ஏறும் முன்ன HbA1c (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்), கிட்னி டெஸ்ட் ரெண்டும் எடுத்திருங்க, அது முதல்ல.

இப்ப கணக்குக்கு வாங்க. ஒரு நாளைக்கு 34 யூனிட், 40 நாளைக்கு 1360. சிவப்பு மூடி சிரிஞ்சுல போடுற 10 மில்லி பாட்டில்ல 400 யூனிட்தான் இருக்கும், அப்ப 4 பாட்டில் வேணும், கடல்ல ஒண்ணு உடைஞ்சாலோ கரை வர லேட்டானாலோ சமாளிக்க இன்னொண்ணு, ஆக 5. இதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, உள்ள போனதும் உக்காரும் முன்னாடியே "டாக்டர், இவரு 40 நாள் கழிச்சுத்தான் கரை வருவாரு, நடுவுல கடை கிடையாது"ன்னு சொல்லி நீட்டிருங்க. நிறைய டாக்டர்மாருக்கு வீட்டுக்காரர் என்ன வேலை பாக்காருன்னே தெரியாது, மாசா மாசம் வருவாருன்னு நினைச்சு எழுதுறதுதான். அப்படியும் காது குடுத்துக் கேக்கலன்னா டாக்டரை மாத்துறதுல ஒரு தப்பும் இல்ல.

அதே சீட்டுல இன்னும் மூணு கேள்வி எழுதிக்கோங்க: வாந்தி எடுத்து சாப்பிட முடியலன்னா எத்தனை யூனிட், சுகர் எவ்வளவு ஏறினா கூட்டணும், எந்தெந்த நேரம் ஸ்ட்ரிப் போட்டுப் பாக்கணும். பதிலை டாக்டரையே எழுதச் சொல்லுங்க. சாப்பிடலையேன்னு தானா ஊசியை மொத்தமா நிறுத்துறது ரொம்ப ஆபத்து.

எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கணும்னு இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ குழித்துறை, தக்கலை அரசு ஆஸ்பத்திரியிலயோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்லயோ சுகர் பிரிவுல பதிஞ்சா இன்சுலின் இலவசம், கடல் தொழில்னு சொல்லி கூடுதல் நாளுக்குக் கேளுங்க, சந்தேகம்னா அரசு மருத்துவ உதவி எண் 104க்கு போன் போடலாம். மிச்சத்தை முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ விலை கேட்டுப் பாருங்க. வீட்டுல சுகர் பாக்குற குளுக்கோமீட்டர் வாங்கும்போது மிஷின் விலையைப் பாக்காதீங்க, அதோட ஸ்ட்ரிப் விலையைப் பாருங்க, காசு போறது அதுலதான்.

போட்டுல மீன் போடுற ஐஸ்ல இன்சுலினை நேரா வைக்கவே கூடாது, உறைஞ்சா அது வீண், உருகினாலும் போடக்கூடாது. துணியில சுத்தி டப்பாவுல போட்டு ஐஸ்ல படாம வைங்க, இஞ்சின் ரூம் பக்கம் வேண்டாம், ரெண்டு இடத்துல பிரிச்சு வைங்க. பேனா மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல உறிஞ்சிப் போடுறதை நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம், அது மில்லிக்கு 100 யூனிட் மருந்து, சிவப்பு மூடி சிரிஞ்சு மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கானது, ரெண்டரை மடங்கு உள்ள போயிரும்.

வலை இழுக்கப் போய் சோறு தள்ளிப்போனா சுகர் இறங்கிரும். வேர்வை, கை நடுக்கம், 70க்கு கீழன்னா மூணு டீஸ்பூன் சீனி தண்ணில கலக்கிக் குடிக்கணும், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாக்கணும். கூட இருக்கிற ஒரு ஆளுக்காவது இது தெரிஞ்சிருக்கணும்.

கேள்வி: எங்க டாக்டர் வெறும் வயித்து சுகர் மட்டும் பாத்து மாத்திரை எழுதுறாரு, இது போதுமா?
- வாசகர், திருவட்டாறு

பதில்: போதாதுங்க. HbA1c மூணு மாசத்துக்கு ஒருக்க, வருஷத்துக்கு ஒருக்க கண்ணுல விழித்திரை, கிட்னிக்காக யூரின்ல ஆல்புமின், ரத்தத்துல கிரியேட்டினின், எல்லாம் கேட்டு எழுதி வாங்குங்க. டாக்டர் உங்க பாதத்தைப் பாக்கலன்னா நீங்களே செருப்பைக் கழட்டி "இதையும் பாருங்க"ன்னு காட்டுங்க, ரப்பர் தோட்டத்துல நடக்கிற காலுன்னா கட்டாயம்.